பூசினவள் ஏறணும்

ராயபுரத்தில் எத்திராஜின் படகுப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. படகின் அடிப்பாகத்துக்கு யார் வண்ணம் பூசினார்களோ, அவர்தான் அதை முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது வெறுங்காலோடு உள்ளே நிற்க வேண்டும். எங்கே விரிசல் அடைத்தோம், எங்கே பட்டி வைத்தோம் என்பது பூசின ஆளுக்குத்தானே தெரியும். அந்த இடங்களில் பாதத்தை வைத்துப் பார்ப்பார். ஈரம் தட்டினால் படகு திரும்ப மேடேறும். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூசினது சங்கமித்ரா என்றால் மட்டும் அந்த வழக்கத்துக்கு ஜுரம் வந்துவிடும்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து எட்டு வருடமாக வேலைக்கு வருகிறாள். உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தவள், இந்த இரண்டு வருடத்தில் நான்கு படகுகளைத் தனியாளாகப் பூசி முடித்திருந்தாள். நான்கு தடவையும் உள்ளே நின்றவன் எத்திராஜின் தங்கை மகன் விமல். "பொம்பள ஏறுனா மீன் படாதும்மா" என்பார் எத்திராஜ். மீன்பிடிப் படகு, அடுத்தவர் பிழைப்பு, நமக்கெதற்குப் பொல்லாப்பு என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

ஐந்தாவதாக வந்தது ஒரு சின்ன உல்லாசப் படகு. அண்ணா நகர் பாலகணேஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பாய் கட்டி ஓட்டுவதற்கு வைத்திருப்பது. அது பிறந்ததிலிருந்து வலையையும் பார்த்ததில்லை, மீனையும் பார்த்ததில்லை. சும்மா கிடந்தே அடியெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. சங்கமித்ரா குப்புறக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டினாள். ஆறு விரிசல். ஆறையும் அடைத்து, பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்தாள். நீலத்தைப் பூசும்போது வடக்கேயிருந்து காற்று திரும்பி எண்ணூர் ஆலைப் புகைத்தூள் ஈரத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பூச்சு முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, தார்ப்பாய் கட்டி மறுபடி பூசினாள். பதினாறு நாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது அவளுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. இருந்தால் என்ன தப்பு? வேலை அமைந்த நேர்த்தி அப்படி. இந்தத் தடவை நான்தான் ஏறுவேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இறக்கும் நாள் காலையில் பாலகணேஷ் மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். படகு டிராலியில் சரிவின் விளிம்பில் நின்றது.

"விமலு, ஏறு" என்றார் எத்திராஜ். விமல் ஏறி நின்றான்.

"பூசனது நான் நைனா" என்றாள் சங்கமித்ரா.

"யாரு இல்லன்னாங்க? பொம்பள ஏறக்கூடாதும்மா. எத்தினி தபா சொல்றது?"

"அப்ப அந்தம்மாவும் பாப்பாவும் யாரு? அரை மணி நேரத்துல அவுங்கதான ஏறிக்கினு போவப் போறாங்க?"

"அது அவுங்க போட்டு, அவுங்க ஏறுவாங்க."

"செரி. அவுங்களும் பொம்பளதான். அதனால நான் பொம்பளைன்றதுக்காவ நீ வாணாம்னு சொல்லல. வேற இன்னாத்துக்குன்னு சொல்லு. நான் வியாசர்பாடின்னா? எங்க வூட்ல புத்தர் படம் மாட்டிக்கீதுன்னா? எட்டு வருசமா மனசுல வச்சிக்கினு கீறத இன்னிக்கி வாயத் தொறந்து சொல்லிடு. கேட்டுக்கினு வூட்டுக்குப் போயிடறேன்."

எத்திராஜ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கூலி ஒயுங்கா குடுக்கறேன்ல?" என்றார்.

"கூலிய சனிக்கெயம கேட்டுக்குவேன். இப்ப கேட்டது வேற."

சங்கமித்ரா இடுப்பில் செருகியிருந்த உப்புத்தாளை எடுத்துப் படகின் பக்கவாட்டில் வைத்து ஒரு தேய் தேய்த்தாள். கை அகலத்துக்கு நீலம் போய் வெளுத்தது. பெற்ற பிள்ளையைத் தானே அறைந்தது போல் அவளுக்கு நெஞ்சு வலித்தது, ஆனால் கையை எடுக்கவில்லை.

"நான் ஏறாத போட்டுல என் கலரு இருக்காது நைனா."

"என்னங்க இது, என் படகு" என்று பாலகணேஷ் முன்னால் வந்தார்.

"உங்க படகுதான் சார். நானே சரி பண்ணிக் குடுக்கறேன். இது எங்க பட்டறை விசயம், செத்த நில்லுங்க."

அவர் நின்றுவிட்டார். விமல்தான் அசைந்தான். படகிலிருந்து குதித்து இறங்கினான்.

"மாமா, நான் நிக்க மாட்டேன். ஓட்டை எங்க அடைச்சாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? நாலு தபாவும் சும்மா ஆகாசத்தப் பாத்துகினு நின்னுட்டு வந்தேன். என்னைக் கேக்காத."

எத்திராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. வாடிக்கையாளர் எதிரில் பட்டறையின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. சங்கமித்ரா அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினாள்.

டிராலி சரிவில் இறங்கியது. படகு ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மிதந்தது. எத்திராஜ் இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனிமேல் நடக்க வேண்டியதும் வழக்கம்தான்: பட்டறைக்காரர் பூசின ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால்தான் கயிறு படகுக்காரர் கைக்குப் போகும்.

சங்கமித்ரா முதல் விரிசலின்மேல் பாதத்தை வைத்தாள். அடியில் கடல் குளிர்ந்தது, உள்ளே காய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே.

"தண்ணி கீதா?" என்றார் எத்திராஜ்.

அவள் மூன்றாவதற்குப் போனாள்.

"இந்தாம்மா, ஒன்னைத்தான். தண்ணி கீதா?"

நான்கு. ஐந்து. பாலகணேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அலை படகைத் தூக்க, கயிறு எத்திராஜின் உள்ளங்கையை இழுத்தது. எட்டு வருடத்தில் இந்தாம்மா, ஏம்மா, பெயின்ட்டுக்காரம்மா எல்லாம் கூப்பிட்டாகிவிட்டது. கூப்பிடாதது ஒன்றுதான் பாக்கி. ஆறாவது விரிசலின்மேல் காலை ஊன்றி, இடுப்பில் கை வைத்து, அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க நிற்கவும் தயார்தான்.

"சங்கமித்ரா" என்றார் எத்திராஜ். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி: "சங்கமித்ரா, தண்ணி கீதா?"

"இல்ல நைனா" என்றாள். "சந்தேகமா இருந்தா ஏறி வந்து என் பக்கத்துல நின்னு பாரு."