பிரேக் ஆயிலுக்கும் இன்ட்டு

கணக்கு டீச்சர் போன வருடம் ஏமாந்த கதை அவர் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கார் கம்பெனி சர்வீஸில் ஏசிக்கு நறுமணச் சிகிச்சை என்று காசு வாங்கிக்கொண்டு எதையோ அடித்து அனுப்ப, டீச்சர் மூன்று நாள் தும்மிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார். வருவோர் போவோருக்கெல்லாம் கணவர் அதைக் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார். இந்த முறையும் ஏமாந்தால் அந்த மனிதர் வாயை மூட முடியாது. அதனால் டீச்சர் வண்டியோடு கொடுத்த கையேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் சர்வீஸுக்கே வந்தார்.

கவுன்ட்டரில் டை கட்டிய பையன் ஒரு தாளை நீட்டினான். கூலன்ட், கியர் ஆயில், பிரேக் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில்.

"நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஆயிடுச்சு மேடம். நாலையும் மாத்திடலாம்."

டீச்சர் கையேட்டைப் பிரித்தார். "இந்த வண்டியில ஸ்டியரிங்குக்கு மோட்டார்தான் தம்பி, ஆயிலே கிடையாது. இல்லாததை எங்கேயிருந்து எடுத்து எங்கே ஊத்துவீங்க?"

பையன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "எல்லா மாடலுக்கும் ஒரே லிஸ்ட்தான் வருது மேடம்..."

வெற்றியில் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து நாலு வரிக்கும் இன்ட்டு போட்டார். இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று உள்ளே ஒத்திகை ஓடியது.

தாளை வாங்க வந்த மெக்கானிக், நடுத்தர வயதுக்காரர், பேனாவையும் பார்த்தார், தாளையும் பார்த்தார்.

"டீச்சருங்களா? ஒரு கேள்வி தப்புன்னா முழுப் பேப்பருக்கும் முட்டையா?"

"ஒண்ணு புளுகுன்னு தெரிஞ்சப்புறம் மீதியை எப்படி நம்புறது?"

"எங்களை நம்ப வேணாம். உங்க புத்தகத்தைப் பாருங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஸ்டியரிங் பக்கம் கிடைத்த சந்தோஷத்தில் மேற்கொண்டு படிக்கவே இல்லை. இருவரும் அங்கேயே நின்று புரட்டினார்கள். கூலன்ட்டுக்கு இன்னும் காலம் இருந்தது. கியர் ஆயில் ஒழுகாதவரை தொட வேண்டாம். பிரேக் ஆயிலை மட்டும், எவ்வளவு ஓடியிருந்தாலும் சரி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டிக்கு வயது நாலு.

மெக்கானிக் பானட்டைத் திறந்து, பேனா போன்ற ஒரு கருவியை பிரேக் ஆயிலில் முக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஈரம் ஏறிடுச்சு. மலை இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா இது கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது."

தினமும் கூட வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களை ஏற்றிக்கொண்டு அவர் இறங்குவது மலைப்பாதையில்தான். பகீரென்றது. ஆனாலும் முதலில் ஞாபகம் வந்தது கணவரின் சிரிப்பு. அதை நினைத்து டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. பிரேக் ஆயில் வரியில் இன்ட்டை அடித்துவிட்டு டிக் போட்டார். கையோடு கணவருக்கும் போன் செய்தார்.

"பிரேக் ஆயில் மாத்தச் சொல்லிட்டேன். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க."



"ரெண்டு வருஷம் முன்னாடி நான் வண்டியை சர்வீஸுக்கு விட்டப்பவும் மாத்தச் சொன்னாங்க," என்றார் கணவர் மெல்ல. "ஏமாத்துறாங்கன்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

டீச்சருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைப் போலவே ஒரு ஆள் வீட்டிலேயே இருந்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

"சரி, வைக்கிறேன்," என்றார். "மெக்கானிக் நிக்கிறார்."