ஈ உட்கார்ந்த இடம்

வண்டிக்கார வீரணனின் செவலைக் காளை கால்கள் கட்டப்பட்டுப் புளியமரத்தடியில் சாய்ந்து கிடந்தது. பின்னங்குளம்பில் மூன்றாவது ஆணியை இறக்கிக்கொண்டிருந்தார் அப்துல் வஹீது. கோரிப்பாளையத்தில் பாரவண்டிகள் நிற்கும் அந்த இடத்தில் பன்னிரண்டு வருஷமாக லாடம் அடிக்கிறவர். ஆணி ஒரு நூல் தப்பி உயிர்ச்சதையைத் தொட்டுவிட்டால், மாடு உதைப்பதற்கு முன்பே அதன் தொடைத்தோல் சிலிர்க்கும். அதைப் பார்த்ததும் ஆணியைப் பிடுங்கிவிடுவார். அதனால் அவர் கண் பாதி குளம்பிலும் பாதி தோலிலுமாகவே இருக்கும். அன்றைக்கு ஒரு ஈ காளையின் விலாவில் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் மட்டும் வெடுக்கென்று துடித்தது. ஈ எழுந்து வந்து வஹீதின் இடது முன்கையில் அமர்ந்தது.

அதை அவர் கண்தான் பார்த்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. தோல் அசையாமல் கிடக்க, ஈ சாவகாசமாக நடந்தது. அது நடந்த இடத்தில் வெற்றிலை அகலத்துக்குத் தோல் வெளுத்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"என்ன பாய், சுத்தியல் நின்னுபோச்சு?" என்றான் வீரணன்.

"ஒண்ணுமில்லப்பா" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

குஷ்டம் பிடித்த பெருவியாதிக்காரர்களை வைகைப் பாலத்தடியில் அவர் தினமும் பார்க்கிறவர்தான். முதலில் ஒரு வெளுப்பு, பிறகு சுரணை போகும், அப்புறம் விரல்கள். அவர் தெருவிலேயே ஒருவரை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்; அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சம்பந்தம் பேச வரவில்லை. மகள் ஆரிபாவுக்கு இப்போது நாலு வயது. வஹீது அவளைத் தூக்குவதை நிறுத்தினார். தட்டைத் தானே கழுவித் தனியே கவிழ்த்து வைத்தார். பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். லாட ஆணியால் அந்த வெளுப்பில் குத்திக் குத்திப் பார்த்தார். வலித்தது. ஆனால் குத்துகிற கையும் பார்க்கிற கண்ணும் தன்னுடையதாக இருக்கும்போது, வலிப்பது தோலா, நினைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எட்டாம் நாள் மத்தியானம், சோற்றை வைத்துவிட்டு மனைவி மரியம் பீவி எதிரில் உட்கார்ந்தாள்.

"எம் மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல."

"புள்ள அத்தா அத்தான்னு வருது, தள்ளிவிடுறீக. நான் என்ன செஞ்சேன்னாவது சொல்லுங்க."

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மரியம் வெகுநேரம் பார்த்தாள். எழுந்து போனவள் அப்படியே போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். கோழிக்கூண்டிலிருந்து ஒரு இறகை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"கண்ண மூடுங்க. நான் தொடுறேன், எங்கேன்னு சொல்லணும்."

மூடினார்.

"இப்ப?"

"மணிக்கட்டுப் பக்கம்."

"இப்ப?"

"முழங்கைக்குக் கீழ."

அவர் கண்ணைத் திறந்தார். இறகு அவள் மடியில் கிடந்தது. இரண்டாவது முறை அவள் தொடவே இல்லை. சோறு ஆறிப்போயிற்று.

"நாளைக்கு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்" என்றாள் மரியம்.

டாக்டர் ஜேசுராஜ் மெலிந்த மனிதர். கேட்டதெல்லாம் நிதானமாகக் கேட்டார். வஹீது ஈயைப் பற்றியும் இறகைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் ஒரு பஞ்சை நூலாகத் திரித்தார்.

"கண்ண மூடிக்கங்க பாய். நான் எதுவும் கேக்க மாட்டேன். தொட்டது தெரிஞ்சா மட்டும் அந்த இடத்துல விரல வைங்க. தெரியலைன்னா சும்மா இருங்க. எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம்."

கண்ணை மூடினார். ஒன்றுமில்லை. வராந்தாவில் ஏதோ குழந்தை இருமியது. ஒன்றுமே இல்லை. பாலத்தடி நினைவுக்கு வந்தது. பொய்யாகவாவது ஒரு இடத்தில் விரலை வைத்துவிடலாமா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு, மிக லேசாக, ஒரு எறும்பு திரும்பி நடப்பதுபோல் இருந்தது. விரலை வைத்தார். மறுபடி, சற்றுத் தள்ளி. வைத்தார். வெளுப்பின் நடுவில். வைத்தார். அப்புறம் டாக்டர் வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை மாற்றி மாற்றி வைத்தார். அதையும் சரியாகச் சொன்னார்.

"முதல்ல ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியல டாக்டரையா."

"முதல்ல நான் தொடவே இல்ல. தொடாதப்ப நீங்க சும்மா இருக்கீகளான்னு பாத்தேன். இது வெறும் தேமல் பாய். கந்தகக் களிம்பு தாரேன், தடவுங்க."

வஹீதுக்கு உடனே நம்ப முடியவில்லை. "அந்த ஈ உக்காந்தப்ப மாட்டுத் தோல் துடிச்சுது. ஏந்தோல் துடிக்கலையே."

"மாட்டுக்குத் தோலுக்கு அடியிலேயே அதுக்குன்னு ஒரு சதை இருக்கு, ஈய விரட்ட. நமக்குக் கையில அது கிடையாது. நம்ம தோல் அசையாது, சேதி மட்டும்தான் அனுப்பும். நீங்க சுத்தியல்ல கவனமா இருந்தீக, அந்தச் சேதியக் கேக்கல."

வெளியே வந்ததும் வஹீது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அல்லா" என்றார், அவ்வளவுதான் வந்தது. மரியம் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூடவே வந்திருந்து, என்ன ஏதென்று தெரியாமல் விழித்த ஆரிபாவை அவர் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். இறக்கிவிடவே மனம் வரவில்லை.

பாலத்தைச் சுற்றாமல் குறுக்கே போய்விடலாம் என்று ஆற்றில் இறங்கினார்கள். சித்திரை உச்சிவெயிலில் வைகை முழுக்க மணல். நடுவில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர். பத்தடி போவதற்குள் பாதம் பொசுங்கியது. மரியம்தான் முதலில் ஓடினாள், துப்பட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத ஓட்டம். வஹீதும் காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்தார். ஒவ்வொரு குதிப்புக்கும் தோளில் இருந்த பிள்ளை கெக்கலித்தாள்.

"சீக்கிரம் வாங்க, கால் வெந்துரப்போகுது" என்று தண்ணீரில் நின்றபடி மரியம் கூப்பிட்டாள்.

"வாரேன், வாரேன்" என்றார். சுடுமணலில் ஐந்து விரலும் அழுந்தப் பதிய, அடுத்த காலை எடுத்து வைத்தார்.