தொடர்பில்லாத பதினோரு கருத்துகள்

பத்திரிகையின் அறிவியல் பக்கத்துக்கு வரும் வாசகர் கருத்துகளைப் படித்து, எது போகலாம், எது போகக்கூடாது என்று பிரிப்பது என் வேலை. ஆபீசில் என்னைக் கத்தரி என்பார்கள். நிலவிலிருந்து மண் கொண்டுவந்தார்கள் என்று செய்தி போட்டால், எங்கள் தெருக் குழியை மூட ஒரு கூடை கொடுப்பார்களா என்று ஒருவர் கேட்பார். ரோபோ அறுவை சிகிச்சை செய்தது என்றால், வழுக்கைக்கு எண்ணெய் விற்பவர் போன் நம்பரோடு வந்து நிற்பார். ஏழு வருஷமாக இதையே படித்ததில் எனக்குக் கண் மரத்துப்போயிருந்தது, கொஞ்சம் திமிரும் ஏறியிருந்தது. முதல் நாலு வார்த்தையிலேயே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன்.

அந்தத் திமிரில்தான் அக்காவிடம் அந்தக் கருவியை வாங்கச் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, இருபது வருஷமாகச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டால் தூங்குகிற மாதிரியே இருப்பார், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். அதனால் அவர் கண்ணயரும்போதெல்லாம் அக்கா அரை மணிக்கொரு தரம் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கையில் ஒட்டிக்கொள்ளும் புதுக் கருவி வந்திருக்கிறது, சர்க்கரை இறங்கினால் போனில் மணி அடிக்கும் என்று நாங்கள் செய்தி போட்டோம். இருநூறு கருத்துகள் வந்தன, குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

"அத்தனையும் படிச்சவ சொல்றேன், தைரியமா வாங்குக்கா," என்றேன்.

வாங்கினாள். பல வருஷத்துக்குப் பிறகு மத்தியானத்தில் ஒரு சினிமாவை முழுசாக உட்கார்ந்து பார்த்ததாக எனக்குப் போன் செய்து சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அக்கா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கவே இல்லை. நாலு மணிக்கு டீயோடு போய் எழுப்பியபோது பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஐந்து நாள், இன்னும் கண் திறக்கவில்லை.

கருவிக் கம்பெனிக்கு அக்கா போன் செய்திருக்கிறாள். "இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலீங்க. வீட்ல யாராவது போன் சத்தத்தை நிறுத்தியிருப்பீங்க," என்றார்களாம். அதுதான் அவளைப் போட்டு வதைத்தது. நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவர் தூங்கட்டும்னு நான் போனை அமுக்கி வைக்கிறது உண்டுடி. அன்னைக்கும் அமுக்கினேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. நானே அவரை இப்படிப் படுக்க வெச்சுட்டேன்."

"சும்மா இருக்கா. உன்னால எதுவும் இல்ல."

"நீ எல்லார் எழுதறதையும் படிப்பியே. மணி அடிக்கலன்னு ஒருத்தர்கூடவா எழுதல?"

"இல்லக்கா. எழுதியிருந்தா என் கண்ணுல படாம போகுமா?"

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இன்று காலை ஆபீசுக்குப் போனதும், நாங்கள் தள்ளிவிட்ட கருத்துகள் கிடக்கும் பெட்டியைத் திறந்து 'மணி அடிக்கவில்லை' என்று தேடினேன். பதினொன்று வந்தன. எல்லாம் ஒரே ஆள். லிஃப்ட் மெக்கானிக் என்ற பெயரில் எழுதியிருந்தார்.

'சர்க்கரைக் கருவியின் செயலிக்குப் புது அப்டேட் வந்த பிறகு மணி அடிக்கவில்லை. திரையில் எண் சிவப்பாகிறது, சத்தம் இல்லை. என் மகளின் போனில் மூன்று முறை சோதித்தேன். கம்பெனிக்கு எழுதியும் பதில் இல்லை. தயவுசெய்து யாராவது பாருங்கள்.'

முதல் கருத்து வந்து இருபத்துநாலு நாள் ஆகியிருந்தது. எங்களிடம் ஒரு செய்திக்கு முப்பது நாள்தான் கருத்துப் பெட்டி திறந்திருக்கும். கருவிச் செய்தியின் பெட்டி மூடிய பிறகுதான் அந்த அப்டேட் வந்திருக்கிறது. மனுஷன் வேறு எங்கே போவார்? நிலவு மண் செய்திக்குக் கீழே எழுதினார். திமிங்கிலம் பாடுகிறது என்ற செய்திக்குக் கீழே எழுதினார். முதல் நாலு வார்த்தையைப் பார்த்து விளம்பரம் என்று நினைத்து, நான் 'தொடர்பில்லை' என்ற பொத்தானை அழுத்தினேன். மூன்றாம் முறை அதே வரிகள் வந்தபோது, சரியான விடாக்கண்டன் என்று முணுமுணுத்தபடி ஆளையே தடை செய்தேன். அதற்கப்புறம் வந்த எட்டும் மனுஷக் கண்ணே படாமல் நேராகக் குப்பைக்குப் போயிருக்கின்றன. கடைசிக் கருத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'நான் விளம்பரக்காரன் இல்லை, ஒரே ஒருவர் படித்தால் போதும்.'

செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றுகொண்டே பதினொன்றையும் படித்தார்.

"உடனே செய்தி போடணும். இன்னும் எத்தனை பேர் இதை நம்பிப் படுத்திருக்காங்களோ," என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "தேதியை மட்டும் மாத்திடு. இன்னைக்கு வந்த மாதிரி இருக்கட்டும். மூணு வாரமா நாமளே அமுக்கி வெச்சிருந்தோம்னு தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். உனக்கும் வேலை போயிடும்."

பொய் சொல்வானேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. தேதியை மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் இன்றைய தேதியைப் பார்த்தால் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? இது இந்த வாரக் கோளாறு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று கைகழுவிவிடுவான். பழி அக்கா தலையிலேயே கிடக்கும். அவள் சாகிற வரைக்கும் அந்தப் போனை அமுக்கினேனா, அமுக்கினேனா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"பழைய தேதியோடதான் போகணும் சார். அதுக்கு முன்னாடி எங்கக்காகிட்ட நான் சொல்லணும். அரை மணி நேரம் குடுங்க."

சாத்திய கதவை அவரே திறந்துவிட்டார். "போயிட்டு வா," என்றார்.

அக்கா அதே நாற்காலியில்தான் இருந்தாள். என் போனைக் கையில் கொடுத்தேன். முதல் கருத்தைப் படித்தாள், தேதியைப் படித்தாள், அடுத்ததற்குப் போனாள். பாதியில் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அப்ப நான் இல்ல," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "நான் இல்லடி."

"நீ இல்லக்கா."

கடைசி வரை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இது ஏன் பேப்பர்ல வரல?"

"நான்தான் நிறுத்தினேன். முழுசா படிக்கக்கூட இல்ல."

கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் வெளியிடு. இங்கயே, என் கண்ணு முன்னாடி."

சுவரோரமாக நின்றபடி ஒவ்வொன்றாக வெளியிட்டேன். பதினொன்றும் போன பிறகு அக்கா மூடியிருந்த கதவைப் பார்த்தாள்.

"அவர் கண்ணு முழிச்சதும், என்ன ஆச்சுன்னுதான் முதல்ல கேப்பாரு," என்றாள். "அப்ப நீ இங்க இருக்கணும். நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

முழிக்கவில்லை என்றால் என்று நான் கேட்கவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.