கல்லில் வெட்டிய பத்தொன்பது

அம்மா இறந்த வருஷமே அப்பா தன் கல்லறைக் கல்லையும் முடித்துவிட்டார். ஒரே கல், இரண்டு பேர். மேலே 'லூர்து, 1930–1980'. கீழே 'பாக்கியநாதன், 1925–19'. கடைசி இரண்டு எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வேலையோடு வேலையாக இதையும் வெட்டிவிடட்டுமா என்று கல் வெட்டுகிறவர் கேட்டாராம், இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"நம்ம வம்சத்துல ஆம்பளைங்க யாரும் அறுபதைத் தாண்டினதில்ல, டோரதி" என்பார். அதெல்லாம் சும்மா. அவர் ஆபீஸ் விட்டு வரும்வரை அம்மா சாப்பிடாமல் காத்திருப்பாள். இப்போதும் அப்படித்தான் காத்திருக்கிறாள் என்று இவருக்கு நினைப்பு.

1983-ல் ரிட்டயர் ஆனதும் ஈசிசேரில் சாய்ந்தவர், சாயங்காலம் பஸ் ஏறிக் கல்லறைக்குப் போவதற்கு மட்டும் எழுந்திருப்பார். புது வேட்டி வாங்கினால், "எதுக்கும்மா வீணா?" மாங்கன்று நட்டால், "நான் எங்க சாப்பிடப்போறேன்?" எனக்கென்று மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். அவரும் இப்படிக் கரைவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறு வருஷம் இருமல் பிடித்துக்கொண்டது. "வந்திருச்சு பாரு" என்றார், ஏதோ மணியார்டர் வந்த மாதிரி. காட்டூரிலிருந்து மன்னார்புரம் டாக்டர் நசுருதீனிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"நெஞ்சு நல்லா இருக்குங்க. தினம் பஸ் ஸ்டாப்புல நின்னு பஸ் விடுற புகையைக் குடிச்சதுதான் இருமல். சைக்கிள் இருக்குல்ல? உள்தெரு வழியா அதுல போங்க. எண்பத்தஞ்சு வரைக்கும் உங்களுக்குக் கவலையே இல்ல."

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் வெளிறிவிட்டது. "ரெண்டாயிரத்துப் பத்தா? அப்ப கல்லு?"

விஷயத்தை நான் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். "கல்லுக்காக யாராவது சாவாங்களா? இன்னும் கொஞ்ச காலத்துல தெருவெல்லாம் எண்பது தொண்ணூறு வயசுக்காரங்கதான் இருப்பாங்க. புகையில்லாம, சத்தமில்லாம பேட்டரியில பஸ் ஓடும். ஏறிப் பார்க்க வேணாமா?"

அப்பா யோசித்தார். "சத்தமே இல்லன்னா பஸ் வர்றது எப்படிங்க தெரியும்?"

அம்மா போனபிறகு அவர் வரப்போகிற ஒன்றைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டார். முதல் நாள் தெருமுனையில் விழுந்து எழுந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இருமல் போன இடம் தெரியவில்லை. மாங்கன்றுக்கு யாரும் சொல்லாமலே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. வருஷாவருஷம் கல்லைக் கழுவி, எழுத்துகளுக்குக் கறுப்பு பெயிண்ட் பூசுவது அப்பாவின் வேலை. இந்த முறை சைக்கிள் ஹேண்டிலில் இன்னொரு பையும் தொங்கியது.

அம்மாவின் பெயருக்குப் பூசினார். தன் பெயருக்கும், 1925-க்கும் பூசினார். பிறகு பையிலிருந்த சிமெண்டைக் குழைத்து, கோட்டுக்குப் பின்னால் நின்ற அந்தப் பத்தொன்பதை அடைத்துக் கட்டைவிரலால் மழுக்கினார். நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"லூர்து," என்றார் மெதுவாக, "நீ காத்திருக்காத, சாப்பிட்டுத் தூங்கு. நான் வர லேட்டாகும்."