ஆடிட் நாள் லீவு

எனக்கு முப்பத்துநான்கு வயது. உயரம் நான்கடி நான்கு அங்குலம். முகமும் உருண்டை முகம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், "பாப்பா, ஒங்கம்மா எங்க?" என்று கேட்காத ஆள் ராஜபாளையத்தில் குறைவு. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் எனக்கு இருக்கிறாள் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி கம்பெனியில். துணியைச் சுற்றி, நறுக்கி, பெட்டியில் அடைத்தால் கப்பலேறி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஆடிட்டரை அனுப்புவார்கள். தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, கக்கூஸ் சுத்தமா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தைத் தொழிலாளர் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அங்கேதான் எங்கள் மானேஜர் பெலிக்ஸ் சாருக்கு என்னை நினைத்துப் பயம்.

நான் சேர்ந்த வருடமே அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "பாண்டீஸ்வரி, நாளைக்கு ஒனக்கு லீவு. சம்பளம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, அப்படியே பக்கத்துல இருக்க திருவண்ணாமலைக் குன்று ஏறிப் பெருமாளக் கும்பிட்டு வா" என்பார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அந்த ஒரு நாள் மட்டும் பெருமாள் மேல் அப்படி ஒரு அக்கறை வந்துவிடும். நானும் பதினோரு தடவை மலையேறியிருக்கிறேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் ஏறினேன். சம்பளத்தோடு லீவு யாருக்குக் கசக்கும்?

இந்த வருடம் எங்கள் செக்‌ஷனில் சூப்பர்வைசர் இடம் காலியானது. மெஷின் நின்றால் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன்னால் என்னைத்தான் தேடுவார்கள். புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை பழக்குவதும் நான்தான். அதனால் நேராகப் போய்க் கேட்டேன். பெலிக்ஸ் சார் தலையைச் சொறிந்தார்.

"ஒன்னப் போடலாந்தாம்மா. ஆனா ஆடிட்டர் மொதல்ல பேசுறதே சூப்பர்வைசர் கூடத்தான். அன்னைக்கு நீ இருக்க மாட்டியே."

"நீங்கதான சார் போகச் சொல்லுதீக?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். வேல்பாண்டியப் போட்டுக்கிடலாம்."

வேல்பாண்டி ஆறடி. நல்ல மனுஷன், ஆனால் மூன்றாம் மெஷினுக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று அவருக்கு இன்னும் சந்தேகம் உண்டு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. கேட்டில் வாட்ச்மேன் இருளப்பசாமி அண்ணனிடம் போய்க் கொட்டினேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த பழைய போட்டோவைக் காட்டினார். எங்கள் கம்பெனி இருக்கிற கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. அந்தக் காலத்தில் எடுத்த படம் அது. பின்னால் தலைப்பாகை கட்டிய ஆண்கள், முன்னால் தரையில் ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள், மடியில் பஞ்சுக் கூடையோடு.

"அதுல ஓரத்துல கண்ணச் சுருக்கிக்கிட்டு இருக்கது எங்க தாத்தா. எட்டு வயசுல பஞ்சு சொமந்திருக்காரு. இன்ஸ்பெக்டர் துரை குதிர வண்டியில வாராருன்னு தெரிஞ்சதும், மேஸ்திரி ஆளுக்கு ஒரு கை பொரிகடலையக் குடுத்து, 'கண்மாயில போயி வெளாடுங்கலே'ன்னு பத்தி விட்ருவாராம். துரை போன பொறவு திரும்பவும் கூடையத் தூக்கணும். எப்படா துரை வருவாருன்னு காத்துக்கெடப்போம்னு தாத்தா சொல்லிச் சிரிப்பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். பொரிகடலைக்கும் சம்பள லீவுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் பிள்ளைகள், ஓட வேண்டியிருந்தது, ஓடினார்கள். நான் ஓட்டுப் போடுகிற பொம்பளை. நான் எதற்கு ஓட வேண்டும்?

ஆடிட் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல பெலிக்ஸ் சார் பெருமாளை ஞாபகப்படுத்தினார்.

"இந்தத் தடவ போகல சார். வேலைக்கு வாரேன்."

"ஒனக்கு எப்பவும் வெளையாட்டுதான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் மூன்றாம் மெஷின் முன்னால் நின்றுவிட்டேன். பத்து மணிக்கு ஆடிட்டரோடு உள்ளே வந்த பெலிக்ஸ் சார் என்னைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். ஆடிட்டர் மதுரைக்காரம்மா, பரிபூரணம் என்று பேர். கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, என்ன வயசு ஒனக்கு?"

"முப்பத்துநாலு மேடம்."

அந்தம்மா சிரிக்கவில்லை. அட்டெண்டன்ஸ் நோட்டைக் கேட்டார். அங்கேதான் வினை. பதினோரு வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? பெலிக்ஸ் சார் முந்தின நாளே என் பேருக்கு நேரே லீவு என்று எழுதி வைத்திருந்தார். பரிபூரணம் மேடம் போன வருடத்து நோட்டையும் அதற்கு முந்தின வருடத்து நோட்டையும் கேட்டு வாங்கினார். ஆடிட் நடந்த நாளெல்லாம் நான் லீவு.

"ஆடிட்டுக்கு ஆடிட் இந்தப் பிள்ளைய மறைச்சு வச்சிருக்கீங்க. இன்னைக்கு மறந்துட்டீங்க. அப்படித்தான?"

நானே பேசினேன். "மறைச்சாங்க மேடம், இல்லேங்கல. ஆனா பிள்ளைய மறைக்கல. குட்டையான பொம்பளைய மறைச்சாங்க."

ஆதாரைக் காட்டினேன், வாக்காளர் அட்டையைக் காட்டினேன். "கார்டெல்லாம் யாரு வேணா அடிச்சு வாங்கலாம். டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் சரக்கு எதுவும் வெளிய போகக் கூடாது" என்றார். செக்‌ஷனில் இருந்த ஐம்பது பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். பேசாமல் மலைக்கே போயிருக்கலாமோ என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன். சூப்பர்வைசர் ஆகப் பார்த்து எல்லார் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிட்டேனே.

அப்போதுதான் மகள் ஞாபகம் வந்தது. அன்று பள்ளிக்கூடம் இல்லை. போன் போட்டேன். கால் மணி நேரத்தில் சைக்கிளில் வந்துவிட்டாள். ஆனால் உள்ளே வர முடியவில்லை. இருளப்பசாமி அண்ணன் கேட்டை மறித்துக்கொண்டு, "பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவுகள உள்ள விடக் கூடாதுன்னு போர்டு இருக்குல்லா" என்று நின்றார். மகள் என்று தெரியும், ஆடிட்டர் உள்ளே இருக்கிறார் என்றும் தெரியும். அதனால் ஒரு அங்குலம் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் ஆடிட்டர் முன்னே, மானேஜர் பின்னே, நான் கடைசியில் என்று ஊர்வலமாகக் கேட்டுக்குப் போனோம். என் மகள் நாச்சியார் உயரத்தில் அவள் அப்பனைக் கொண்டு பிறந்தவள். பதிமூன்று வயதிலேயே அவள் தோளுக்குத்தான் நான் வருவேன்.

"என்னம்மா ஆச்சு? சொல்லிட்டுப் போனை வைக்க மாட்டியா? நான் பதறிப் போயிட்டேன்" என்று என்னை அதட்டிவிட்டு, கலைந்திருந்த என் முந்தானையை அவளே இழுத்துச் சரிசெய்தாள்.

பரிபூரணம் மேடம் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். ஒரே உருண்டை முகம், ஒரே மூக்கு. "இவங்க ஒனக்கு யாரும்மா?"

"எங்கம்மா."

"வயசு?"

"முப்பத்துநாலு. ஆனா தெருவுல கேட்டா முப்பதுன்னுதான் சொல்லும்."

அந்தம்மா அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெலிக்ஸ் சார் பக்கம் திரும்பும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "சரக்கு போகலாம். ஆனா வேலை தெரிஞ்ச ஒருத்தங்கள வருசா வருசம் ஒளிச்சு வச்சதுக்கு நான் குத்தம் எழுதத்தான் செய்வேன். அடுத்த ஆடிட்டுக்கு இவங்க இல்லன்னா நான் உள்ளேயே வர மாட்டேன்."

"எழுதுங்க மேடம்" என்றார் அவர்.

மேடம் பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் கேட்டார். "பேரு பாண்டீஸ்வரி. இங்க என்ன வேல பாக்குறீங்க?"

பேக்கிங் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெலிக்ஸ் சார், தரையைப் பார்த்துக்கொண்டே, "சூப்பர்வைசர்" என்றார். "இன்னையிலேருந்து."

பயத்தில் சொன்னாரோ, வெட்கத்தில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. மகள் முன்னால் அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். பதினோரு வருடமாகச் சந்தோஷமாகத்தானே போனோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அது எவ்வளவு வலித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாம் மெஷினில் துணி கோணலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேல்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஸ்விட்ச் வலது பக்கம். நிறுத்துங்க, வாரேன்" என்றேன். ஆறடி மனுஷன் மறுபேச்சில்லாமல் குனிந்து நிறுத்தினார்.