உறவுமுறை: இல்லை

அறைக்குள் இரண்டு பேர்தான் நிற்கலாம் என்று தாதி இரண்டாம் முறையும் வந்து சொன்னபோது, பிரஷாந்தினி மாமாவின் குதிக்காலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். ஒரு கால் முடிந்துவிட்டது. மற்றக் காலைக் கையில் ஏந்தியபடியே நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலின் தலைமாட்டில் மாமாவின் மகன் பிருந்தன் நின்றான். ஜன்னலோரம் அவன் மனைவி வித்தியா. மூன்றாவது ஆள் இவள்தான்.

தாதி நல்லவள். குரலை உயர்த்தாமல், நீங்கள் குடும்பமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இல்லை, இவரைப் பார்க்கிற வேலைக்கு இருக்கிறேன் என்று பிரஷாந்தினி பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். அந்த மொழியில் தடக்குப்படாமல் சொல்ல அவளுக்குப் பத்துப் பதினைந்து வசனங்கள் தெரியும். அவற்றில் முதன்முதலாகப் பாடமாக்கியது இதைத்தான்.

பிருந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். காலைத் தலையணைமேல் வைத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டு, களிம்புக் குழாயோடு வெளியே வந்து நடைகூடத்துக் கதிரையில் இருந்தாள்.

உள்ளே படுத்திருந்த நகுலேஸ்வரன் அவளுடைய அம்மா யோகராணிக்கு ஒரே அண்ணன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தனியாக இருந்த மனிதருக்குத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பிருந்தனோ நகரின் மறுகோடியில் ரொக்ஸ்பரோவில் இருந்துகொண்டு வேலைக்கும் பிள்ளையை விடும் கார்டெரி காப்பகத்துக்குமாக ஓடுகிறவன். சுன்னாகத்தில் தங்கையின் மகள் முதியோர் பராமரிப்புப் படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அவளை அந்த வேலைக்கே விசாவில் எடுத்தால் என்ன என்று மாமா யோசித்தார்.

நல்ல யோசனைதான். ஆனால் நம்மவர்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தாங்களே வாசித்து நிரப்பினார்கள் என்று சரித்திரம் உண்டா? கொழும்பில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தார்கள். சொந்தக்காரர் என்றால் தரவே மாட்டார்கள், வேலை கொடுப்பவரோடு உறவு இல்லை என்று எழுதுங்கள் என்றான் அவன். எழுதினார்கள். விசா வந்தது. அவள் வந்து ஆறு மாதம் கழித்து இங்கே ஒரு வக்கீலிடம் வேறு அலுவலாகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. உண்மையை எழுதியிருந்தாலும் கிடைத்திருக்கலாமாம். எழுதிய பொய்தான் ஆபத்தாம். தெரியவந்தால் திருப்பி அனுப்பவும் கூடுமாம்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் மாமா, படி இறங்கினால் ஐயா. பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு ஐயா, குளிருதோ என்று அவள் கேட்பாள். அவரும் பெரிய முதலாளி போலத் தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியதும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்த விசாவில் அவள் அவருக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். அவர் போய்விட்டால் வேலையும் போய்விடும். இது அவளைவிட அவருக்குத்தான் பெரிய கவலை. செவ்வாய், வியாழன், சனி என்று இரத்தம் சுத்திகரிக்கப் போகிற இடத்தில், பக்கத்துக் கதிரைகளில் இருந்த நோயாளிகளை அவர் மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார். யாருக்கு வீட்டில் ஆள் இல்லை, யார் குணம் எப்படி என்று துருவித் துருவி விசாரித்தார். ஒருவரைக் கழித்துவிட்டதற்குக் காரணம், அவர் தாதிமாரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டாராம்.

“உனக்கு அடுத்த ஆளைப் பிடிச்சுத் தந்திட்டுத்தான் போவன்,” என்பார்.

கடைசியில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியே இருக்கும் மடம் ஜினெட் என்ற பிரெஞ்சு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். எழுபத்தெட்டு வயது, சக்கர நாற்காலி, வாயைத் திறந்தால் மூடாத மனுசி. பிரஷாந்தினியை வேலைக்கு எடுக்க, மூன்று மாதத்துக்கு முன்பு ஜினெட்டின் பெயரில் புது விண்ணப்பம் போயிருந்தது. இன்னும் பதில் இல்லை.

பத்தரை மணிபோல பிருந்தன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அவளுக்காக அதைத் திறந்தபடி பிடித்தான். அப்பா போய்விட்டார் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. பிரஷாந்தினி எழுந்து உள்ளே போனாள். இப்போது தாதி ஆட்களை எண்ணவில்லை. அவள் போர்வையை விலக்கி, பூசாமல் விட்ட காலுக்குக் களிம்பு பூசினாள். கால் இன்னும் சூடாக இருந்தது. இருபது நிமிடம் முன்பு தாதியிடம் குடும்பம்தான் என்று வாயில் ஒரு சொல் வந்திருந்தால் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே கோபம் வந்தது.

பின்னேரம் பிருந்தன் வீட்டு மேசையில் மரண அறிவித்தல் எழுதினார்கள். நமக்குச் சாவில்லாத அறிவித்தல் இல்லை, அறிவித்தல் இல்லாத சாவும் இல்லை. ஆள் போய் ஆறு மணித்தியாலத்துக்குள் இணையத்தில் வந்துவிட வேண்டும். உலகத்தில் எங்கிருக்கும் சொந்தத்தின் பெயரும் விடுபடக் கூடாது. மாமாவோடு பதினொரு வருடம் பேசாமல் இருந்த நோர்வே மைத்துனர் ‘அன்பு’ என்ற அடைமொழியோடு வந்தார். மாமா கண்ணாலும் காணாத லண்டன் பேரக்குழந்தை, பிறந்து இருபது நாள், அதுவும் வந்தது.

பிருந்தன் தட்டச்சுச் செய்த விரலை நிறுத்தினான்.

“யோகராணியின் பாசமிகு அண்ணனும் எண்டு போட்டிட்டன். அடுத்தது, பிரஷாந்தினியின் அன்புத் தாய்மாமனும்.”

“வேண்டாம், அத்தான்.”

“ஆர் இதைப் பாக்கப் போறாங்கள்? தமிழிலதானே கிடக்கு.”

அரசாங்க உத்தியோகத்தர் எவரும் தமிழ் மரண அறிவித்தல்களைப் படித்துக்கொண்டு இருப்பதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பயம் அப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. யாராவது ஒருவன் வேண்டாத வேலை பார்க்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? ஜினெட்டின் விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றாள்.

“பதில் வந்தாப்பிறகு அப்பான்ர அறிவித்தல் திரும்ப வருமே?”

கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தான். அன்று முழுவதும் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த நாள் சுன்னாகத்தில் இருந்து அம்மா கோல் எடுத்தாள். அண்ணனுக்காக அழுது முடித்த குரல் கட்டியிருந்தது. அறிவித்தலில் உன் பெயரைக் காணவில்லையே என்றாள். பிரஷாந்தினி காரணத்தைச் சொன்னாள். அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, செத்தவீட்டை லைவில் காட்டுவார்கள்தானே, அதில் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். அதிலும் நான் வரமாட்டேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை மண்டபத்தில் பெட்டிக்கு நேர் எதிரே கமரா ஒன்று முக்காலியில் நின்றது. பிரஷாந்தினி அதற்குப் பின்னால், கடைசி வரிசையில் இருந்தாள். அந்த வரிசை அயலவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் உரியது. ரொறொன்ரோவில் இருந்து வந்த பெண்களில் ஒருத்தி, நீங்கள்தானே ஐயாவைப் பார்த்த பிள்ளை, நல்லாய்ப் பார்த்தீர்களாம் என்று கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி வாங்குவது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

மடம் ஜினெட்டை, நோயாளிகளை ஏற்றும் வான்காரர் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் விட்டார். ஜினெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். முன்வரிசையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். உன் மாமாவுக்குப் பக்கத்தில் நீ ஏன் இல்லை என்று மெல்லக் கேட்டாள்.

பிரஷாந்தினி தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை. ஜினெட் மறுபடியும் மாமா என்ற அதே சொல்லைச் சொன்னாள். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்து, விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

“அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். இவள் என் தங்கையின் பிள்ளை, யாரோ ஒருத்தி என்று சொல்லி உன்னிடம் தர எனக்கு மனம் வரவில்லை என்றார். யாருக்கும் சொல்லாதே என்றும் கேட்டார். நான் வாய்க்காரி. ஆனால் இதை யாருக்கும் சொல்லவில்லை.”

இரண்டு வருடம் தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும் வான் சாரதிகளுக்கும் முன்னால் அவளை யாரோ ஆக்கி வைத்திருந்த மனிதர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அப்படிச் செய்ய முடியாமல் தோற்றுப்போயிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் பொல்லாத அன்பு வந்தது. அவர் இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தால் நல்ல ஏச்சுக் கொடுத்திருப்பாள்.

உரித்துள்ள பெண்கள் வாய்க்கரிசி போட வரலாம் என்று ஐயர் கூப்பிட்டார். வித்தியா முதலில் போனாள். பிறகு ரொறொன்ரோப் பெண்கள் ஒவ்வொருவராக வரிசையில் போனார்கள். எல்லோரும் கமராவைப் பார்த்தபடி, முறையாகப் போட்டார்கள்.

பிரஷாந்தினி எழுந்தாள். தைரியம் முழுதாக வரவில்லை, பாதிதான் வந்தது. சுவரோரமாக நடந்து பெட்டியின் பின்பக்கம் போனாள். திறந்து நின்ற மூடிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. பிருந்தன் கண்டுவிட்டான். அவன் அரிசித் தட்டை எடுத்து அவள் பக்கமாக நீட்டிப் பிடித்தான்.

எல்லாம் முடிந்து, ஆண்கள் எரியூட்டும் இடத்துக்குப் புறப்பட்டபோது அம்மா எடுத்தாள். பிரஷாந்தினி கைபேசியோடு வாசலுக்கு வந்தாள்.

“லைவ் பாத்தனான்,” என்றாள் அம்மா. “உன்னைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போச்சு.”

“அம்மா, காரணம் சொன்னனான்தானே...”

“பொறு. எல்லாரும் போட்டு முடிஞ்சாப்பிறகு மூடிக்குப் பின்னால இருந்து ஒரு கை வந்தது. மூண்டு தரம் போட்டுது. பேந்து அண்ணையின்ர நெத்தியில சிதறின அரிசியைத் தட்டிவிட்டு, தலைமயிரை ஒதுக்கிவிட்டுது.”

பிரஷாந்தினி கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“இஞ்ச அயலட்டைச் சனம் எல்லாம் வந்திருந்து பாத்தது. ஆற்ற கை எண்டு கேட்டவை.”

“என்ன சொன்னியள்?”

“அண்ணையின்ர மருமகள் எண்டு சொன்னன்.”

வான் வந்து நின்றது. அவள் ஜினெட்டின் நாற்காலியைப் பிடித்துச் சரிவுப் பாதையில் மெல்ல இறக்கினாள். மார்ச் மாதத்துக் குளிர் கைப்பிடி இரும்பில் கடித்தது. ஜினெட் திரும்பிப் பார்த்து, கையுறையைப் போடு பிள்ளை என்றாள். பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வெறும் கையோடு தள்ளிக்கொண்டு போனாள்.