விருந்துக்கு விட்ட நீர்

பனிமுடி தரித்த ஆந்தீசு மலைத்தொடரிலே, மழையற்ற பருவத்தின் கடைசித் திங்களில், காலைக் கதிரவன் முகடுகளைப் பொன்னாக்கி, கீழிறங்கி, புல் தீய்ந்த மேய்ச்சல் நிலங்களைத் தடவி, புக்கியோபம்பா என்னும் சிற்றூரின் கல்வேலிகளை வந்தடைந்தபோது, படிப்போரே, அவனை வரவேற்க அங்கு அடுப்பொன்றும் புகையவில்லை. நாற்பது குடிகள் உருளைக்கிழங்கு விதைத்து, ஆடு வளர்த்து வாழ்ந்த ஊரில் நான்கு குடிகளே எஞ்சியிருந்தன. அவர்களும் அன்று மாலை ஊரைவிட்டுப் புறப்பட இருந்தார்கள்.

ஊர் கலைகிறதென்று கேள்வியுற்று, அவ்வூர் நோக்கி மூச்சிரைக்க ஏறிவந்த எர்மெலிந்தா, மண்டல நீர் வாரியத்தின் அளவைப் பொறியாளர்; நகரிற் பிறந்து, ஏட்டிற் கற்று, ஒரு துளியையும் கூட்டியோ குறைத்தோ எழுதியறியாதவள். மூன்றாண்டுகளுக்கு முன், ஊராருக்குத் தீங்கு நேரலாகாதென்றே ஆண்டின் மிக வறண்ட திங்களைத் தேர்ந்து, இவ்வூர் வாய்க்காலில் அளவுகோலை நட்டு, மூன்று நாள் தொடர்ந்து அளந்தவள் அவளே. மூன்று நாளும் நீர் பதினெட்டாம் கோட்டைத் தொட்டு நின்றது. வறட்சியிலேயே இத்தனை என்றால் மிகுநீர் ஏராளம் என்று முடிவுகட்டிய வாரியம், வாய்க்காலுக்கு நீரூட்டும் மலையேரியிலிருந்து நகருக்குக் குழாய் பதித்தது. குழாய் தன் பங்கை முதலில் எடுத்தது. மேலூர்கள் மூன்றும் தத்தம் பங்கை எடுத்தன. கடைமடையான புக்கியோபம்பாவுக்கு ஈரமணல் மிஞ்சியது, பின்பு அதுவும் காய்ந்தது. ஓராண்டுக்குள் ஊரார் மறுப்புரைத்திருந்தால் மீண்டும் அளந்திருப்பார்கள். ஊரார் வாய் திறக்கவில்லை. அதன்பின் அவள் எழுதிய முறையீடுகள் யாவும் காலம் கடந்தவையெனத் திரும்பிவர, எங்கே பிழை செய்தோம் என்றறியாமல், நெருஞ்சி தைத்த காலோடு நடப்பவள்போல் அவள் நாட்களைக் கடத்தினாள்.

அன்று வாய்க்கால் துப்புரவு விழா. நீர் வாராத வாய்க்காலை, நாள் வந்துவிட்டதே என்பதற்காக, நான்கு குடியினரும் தொப்பியில் பூச்சூடி மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் நீர்த்தலைவர் சத்தூர்னீனோ, சுரைக்குடுவையில் சோளக் கள் ஏந்தி அவளை எதிர்கொண்டார்.

"வாங்க இஞ்சினியரம்மா! போன தடவை இதே விழாவுல நாலு குடுவை குடிச்சிட்டு, எங்க பொம்பளைங்களையே ஆட்டத்துல தோக்கடிச்சீங்களே! இன்னிக்கு ஏன் மூஞ்சி இப்படிச் சுண்டிக்கெடக்கு?"

"விளையாடாதீங்க அண்ணே. என் கோலுதான் உங்க ஊரை அழிச்சிருச்சு. எங்க தப்பு பண்ணேன்னுகூடத் தெரியல."

அவர் குடுவையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"உங்க கோலு சரியாத்தாம்மா சொல்லுச்சு. விழா அன்னிக்கு மட்டும் மேலூருக்காரங்க அவங்க மதகை அடைச்சு, மொத்தத் தண்ணியையும் நமக்கு விட்ருவாங்க. அது பாட்டன் காலத்து வழக்கம். நீங்க மூணு நாள் தங்கப்போறீங்கன்னதும், நான்தான் ஓடிப்போய்க் கேட்டேன், மூணு நாளும் விடுங்கப்பான்னு. வீட்டுக்கு வந்த பொண்ணு முன்னால நம்ம வாய்க்கா இளைச்சு நிக்கலாமா?"

எர்மெலிந்தா குடுவையைக் கீழே வைத்தாள்.

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே! ஒரு வருசம் முழுசா இருந்துச்சே அண்ணே!"

"விருந்துன்னு குடுத்ததை எப்படிம்மா திரும்பக் கேக்கறது?"

அவள் உடைந்து அழுதாள். ஆறுதல் சொல்ல வந்த சத்தூர்னீனோவும் அவளருகே அமர்ந்து அழுதார். பின்பு, விழா முறைப்படி அளந்து சொல்லுமாறு அவரே கேட்க, அவள் வறண்ட வாய்க்காலில் கோலை நட்டு, குனிந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதினாள். மிஞ்சிய கள்ளை இருவரும் வாய்க்கால் மண்ணில் ஊற்றினர். மாலையில் நான்கு குடிகளும் மூட்டை சுமந்து இறங்கிப்போயின.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத மக்களிடம், இந்நீர் எப்படி வந்தது என்று ஒரு சொல் கேட்காமல், எத்தனை முறை அளந்துதான் என்ன? நகர் மீண்ட எர்மெலிந்தா விடாய் மிகுந்து தன் வீட்டுக் குழாயைத் திறந்தாள். நீர் வந்தது. குளிர்ந்த, தெளிந்த மலையேரி நீர். அதைக் கிண்ணம் நிறையப் பிடித்துவைத்துக்கொண்டு, குடிக்க மாட்டாமல் விடியுமளவும் அதன் எதிரே அமர்ந்திருந்தாள்.